பாரிமுனையில் நாற்பத்து மூன்று புகைபோக்கிகள்

மனித குலம் ஒரு காலத்தில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு நீண்ட ஓய்வு எடுத்துக்கொண்டு, 2007ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், திருவள்ளூரில் ஒரு வாடகைக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், எது எதன் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தது. இந்த மூன்றாவது கண்டுபிடிப்பில் தன் கையெழுத்தும் இருக்கிறது என்ற பெருமை உதவிப் புள்ளியியல் ஆய்வாளர் ராஜமாணிக்கத்துக்கு உரியது. நெருப்பைக் கண்டுபிடித்தவனிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, முதல் மாடியில் ஒரு பல் டாக்டர், இரண்டாவது மாடியில் ‘மாவட்ட இடத்தரவு மையம்’. மையம் என்றால் ஆறு மேஜை, நான்கு கம்ப்யூட்டர், ஒரு ஏசி. ஏசி கம்ப்யூட்டர்களுக்காக வாங்கப்பட்டது. மனிதர்களுக்கும் குளிர்ந்தது எதிர்பாராமல் நடந்துவிட்ட தவறு. அதற்காக ஆடிட்டில் ஒரு முறை விளக்கம்கூடக் கேட்டார்கள்.

ராஜமாணிக்கத்துக்கு அப்போது இருபத்தாறு வருட சர்வீஸ். அதில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. படிவத்தில் எத்தனை கட்டம் இருக்கிறதோ அத்தனையையும் நிரப்புவார். கட்டத்துக்கு வெளியே ஒரு சொட்டு மை சிந்தமாட்டார். கட்டத்துக்கு வெளியேயும் உலகம் இருக்கிறது என்று சிலர் கிளப்பிவிட்ட வதந்தியை அவர் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. இப்படிப்பட்ட உத்தமர்களை நம்பித்தான் நாடு ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தத் திசையில் என்று கேட்பது மரியாதை இல்லை.

சொந்த ஊர் கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் வேலங்கண்டிகை. இரண்டு காணி நெல் நிலம், ஒரு மாடி வீடு, மனைவி லட்சுமியம்மாள். வீட்டு மாடியில் நின்றால் கழுத்தைத் திருப்பாமலே பதினோரு புகைபோக்கிகளை எண்ணலாம். எல்லாம் இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலைகள். கொடியில் காலையில் காயப்போட்ட வெள்ளை வேட்டி மாலைக்குள் அரசியல் மாறிவிடும். தயிர்ச் சட்டியை மூட மறந்தால் மேலே கரித்தூள் ஆடை கட்டும்.

லட்சுமியம்மாளுக்கு ஆறு வருடமாக இழுப்பு. ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு அறை கொண்ட துணை சுகாதார நிலையம் ஒன்று இருந்தது. அங்கே இருந்த நர்ஸ் சாராள், சென்னையில் தன் சர்ச்சுக்காரர்களிடம் சொல்லிச் சொல்லி, மூச்சுக்கு மருந்து ஆவி பிடிக்கும் மெஷின் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். செவ்வாயும் வெள்ளியும் லட்சுமியம்மாள் அங்கே போய்வருவார். போகும்போது மூன்று இடத்தில் உட்கார்ந்து போவார். திரும்பும்போது நேராக நடந்து வருவார். அவர் உயிரோடு இருந்தது இந்த இரண்டு நடைக்கும் நடுவிலிருந்த கால் மணி நேரத்தால்தான். இது ராஜமாணிக்கத்துக்கு நன்றாகத் தெரியும்.

இந்த நிலையில்தான் மையத்துக்கு ஆலோசகராக வந்து சேர்ந்தார் முனைவர் பரசுராமன். அவருடைய ஆய்வேட்டின் தலைப்பு ‘இடஞ்சார் தரவுகளில் உடனமைவுப் பாங்குகளைக் கண்டறிவதற்கான திறன்மிகு படிமுறைகள்’. இதை ஒரே மூச்சில் சொல்லக்கூடியவர் மாவட்டத்திலேயே அவர் ஒருவர்தான். இழுப்பு உள்ளவர்கள் முயற்சி செய்ய வேண்டாம்.

முதல் நாளே ஊழியர்களைக் கூட்டி வைத்து விளக்கினார். ஒயின்ஷாப் இருக்கும் இடத்தில் தண்ணீர் பாக்கெட் விற்கும் கடை இருக்கும், இது உடனமைவு. ஊரில் எல்லாருக்கும் இது தெரியுமே என்று டைப்பிஸ்ட் நந்தினி வாய்விட்டுச் சொல்லிவிட்டார். பரசுராமன் பரிவோடு சிரித்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருப்பது வெறும் பழக்கம், அதையே கம்ப்யூட்டர் தெரிந்துகொண்டால்தான் அது அறிவு என்றார். நந்தினி அறிவு பெற்று உட்கார்ந்தார்.

பிறகு ‘திறன்மிகு’ என்ற சொல்லுக்கு விளக்கம் வந்தது. பழைய முறையில் ஒவ்வொன்றையும் மற்ற ஒவ்வொன்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். மூன்று நாள் ஆகும். இவர் முறையில் பதினோரு நிமிடம். காரணம், பக்கத்தில் எதுவுமே இல்லாமல் தனியாக நிற்கும் பொருள்களைக் கம்ப்யூட்டர் முதல் படியிலேயே தூக்கி எறிந்துவிடும். அந்தப் படிக்குப் பெயர் ‘களையெடுப்பு’.

“பாக்க வேண்டியதைப் பாக்குறது யார் வேணா செய்யலாம். எதைப் பாக்க வேண்டாம்னு முன்னாடியே முடிவு பண்றதுதான் எஃபிஷியன்ஸி” என்றார் பரசுராமன்.

மேலதிகாரிகள் அடக்கமாகத் தலையசைத்தார்கள். இந்த முறையைத் தாங்கள் பல வருடமாகக் கையாண்டு வருவதை அவர்கள் வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. நெல் விளைவிக்கிற ராஜமாணிக்கத்துக்கு மட்டும் சின்ன உறுத்தல்: களை எது பயிர் எது என்று தெரிந்த பிறகுதானே களையெடுப்பார்கள்? ஆனால் கேள்வி கேட்பதற்கு அந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இடம் ஒதுக்கப்படவில்லை.

கும்மிடிப்பூண்டி வட்டாரம் முழுவதும் கணக்கெடுப்பு நடந்தது. டீக்கடை, கோயில், மசூதி, பள்ளி, போர்வெல், மாமரம், நர்ஸ், ஆலை, இருமல் என்று பதினேழு இனங்கள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளி வைக்க வேண்டும். கையடக்கமான ஒரு கருவி கொடுத்திருந்தார்கள். இடத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் புள்ளி விழும். இருமலை மட்டும் நின்று அழுத்த முடியாது. ஆகவே அந்தந்த ஊர் நர்ஸின் பதிவேட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். நர்ஸ் இருந்த ஊர்களில் இருமல் எழுதப்பட்டது. நர்ஸே இல்லாத ஊர்களில் யாரும் எழுதவில்லை. ஆகவே அங்கே இருமல் இல்லை.

ராஜமாணிக்கத்துக்கு ஒதுக்கப்பட்ட இனம் ஆலை. மொத்தம் நாற்பத்து மூன்று. சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் அவரிடமே கொடுத்தார்கள். விதி தெளிவாக இருந்தது: ஆலை வளாகத்துக்குள் நின்றுதான் பொத்தானை அழுத்த வேண்டும். உள்ளே நுழைய முடியாவிட்டால் ஆவணத்தில் உள்ள முகவரியை எழுதிக்கொள்ளலாம்.

முதல் ஆலையின் வாசலில் வாட்ச்மேன் ஜெயராஜ் மறித்தான்.

“மெஷினோட உள்ள வுடக் கூடாது சார். வேணும்னா இந்தக் கார்டை எட்த்துக்கினு போங்க. இதுல அட்ரஸு கீது.”

கார்டில் ஆலையின் பெயர் பளபளவென்று இருந்தது. கீழே தலைமை அலுவலக முகவரி: பாரிமுனை, சென்னை. ராஜமாணிக்கம் கார்டைப் பார்த்தார். நிமிர்ந்து, ஜெயராஜின் தலைக்கு நேர் மேலே புகை கக்கிக்கொண்டிருந்த புகைபோக்கியைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார். புகைபோக்கி ஆவணம் அல்ல. கார்டு ஆவணம். ஏழாவது கட்டத்தில் ‘பாரிமுனை’ என்று எழுதினார். பதினோராவது கட்டத்தில் ‘நேரில் பார்த்து உறுதி செய்தேன்’ என்று அச்சடித்திருந்தது. நேரில் பார்த்தது உண்மைதான். கையெழுத்துப் போட்டார்.

நாற்பத்து மூன்று வாசல், நாற்பத்து மூன்று கார்டு. ஆலை முதலாளிகளுக்கு ஆபீஸ் என்றால் பாரிமுனையும் அதன் அக்கம்பக்கத் தெருக்களும்தான், ஒருவரும் விலகவில்லை. மூன்று நாளில் வேலை முடிந்தது. அந்த மூன்று நாளும் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே எழுதினார் என்பது எந்தக் கட்டத்திலும் கேட்கப்படவில்லை.

ஆடி பதினெட்டுக்கு மறுநாள் கம்ப்யூட்டர் ஓடியது. அறிவித்தபடியே பதினோரு நிமிடம். முதல் நிமிடத்திலேயே நாற்பத்து மூன்று ஆலைகளும் களையெடுக்கப்பட்டன. வரைபடத்தில் அவை கடலோரம் பாரிமுனையில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. சுற்றிலும் இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு இருமல்கூட இல்லை. மிச்சம் இருந்தவற்றில் ஒன்று பளிச்சென்று மேலே வந்தது. ‘இருமல் – நர்ஸ். நெருக்க எண் 1.00.’ ஒன்றுக்கு மேல் நெருக்க எண் கிடையாது. கணவன் மனைவிக்குக்கூட அவ்வளவு வராது என்றார் பரசுராமன்.

முடிவுகளை அறிவிக்கக் கூட்டம் நடந்தது. ஆலை அதிபர்கள் சங்கச் செயலாளர் முன்வரிசையில் முந்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரசுராமன் திரையில் புள்ளிகளைக் காட்டினார். இருமல் உள்ள இடமெல்லாம் நர்ஸ் இருக்கிறார். நர்ஸ் இல்லாத இடத்தில் இருமல் இல்லை. ஆலை உள்ள இடத்தில் இருமல் இல்லவே இல்லை. ஆலைக்கும் இருமலுக்கும் தொடர்பு உண்டு என்ற பாமர நம்பிக்கையை அறிவியல் இன்றோடு முடித்துவைத்தது என்றார். செயலாளர் உணர்ச்சிவசப்பட்டு எழுந்தார். பாரிமுனையில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறேன், ஒரு நாள் இருமியதில்லை என்று சாட்சி சொன்னார். அவர் அறையிலும் ஏசி இருந்தது.

மேலதிகாரி ஒருவருக்கு மட்டும் லேசான சந்தேகம். ஆலைகளை யார் பார்த்தது என்று கேட்டார். பரசுராமன் ராஜமாணிக்கத்தைக் காட்டினார்.

“நாப்பத்து மூணும் நேர்ல பாத்தீங்களா?”

ராஜமாணிக்கம் எழுந்து நின்றார். லட்சுமியம்மாள் நினைவு வந்தது, அன்று வெள்ளிக்கிழமை. “பாத்தேன் சார்” என்றார். எங்கே பார்த்தீர்கள் என்று அதிகாரி கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு அரசு ஊழியர் பதில் சொல்வதில்லை. உட்காரும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் வெட்கம் வெளியே தெரியவில்லை.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது: இருமலை ஒழிக்க, இருமலையும் நர்ஸையும் பிரிக்க வேண்டும். வட்டாரத்திலேயே அதிக இருமல் பதிவான ஊரில், அதாவது முன்னூற்றுப் பன்னிரண்டு இருமல்கள் கொண்ட வேலங்கண்டிகையில், சோதனை முறையில் துணை சுகாதார நிலையத்தை மூடிவிடலாம். நர்ஸ் சாராளைத் திருவள்ளூர் மையத்துக்கே அழைத்துக்கொண்டு, தபால்களுக்கு முத்திரை குத்தும் வேலை கொடுக்கலாம்.

உத்தரவைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பும் உள்ளூர்க்காரர் என்ற முறையில் ராஜமாணிக்கத்துக்கே வந்தது. சாராள் அதை இரண்டு தடவை படித்தார். முப்பத்தெட்டு வயதுக்காரர், எளிதில் கோபப்படாதவர்.

“சார், இருமலு இருக்குதுன்னுதான் என்னை இங்க போட்டாங்கோ. இப்ப நான் இருக்கறதாலதான் இருமலுன்னு எழுதிக்கீறாங்களே, இது இன்னா சார்?”

“மெஷினுக்கு அதெல்லாம் தெரியாது நர்சம்மா. பக்கத்துல எது கீது, எது இல்ல, அதான் அதுக்குத் தெரியும்.”

“மெஷினுக்குத் தெரியாது, சரி. உங்களுக்குத் தெரியுமே.”

ராஜமாணிக்கம் உத்தரவு பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து வாங்குவதில் மும்முரமாக இருந்தார். ஆவி மெஷினைச் சாராள் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக நினைத்தார். ஆனால் நிலையத்தின் பொருள் பட்டியலில் அது இடம்பெற்றுவிட்டதால் அதையும் திருவள்ளூருக்கு எடுத்துப்போய், முத்திரை மேஜைக்குக் கீழே வைத்தார்கள். அங்கே அது மிகவும் பத்திரமாக இருந்தது.

ஆறு மாதம் கழித்து வேலங்கண்டிகையில் மறு கணக்கெடுப்பு நடந்தது. இருமல்: பூஜ்யம். சந்தேகத்துக்கு இடமில்லை, பதிவேட்டைத் தேடினார்கள், பதிவேடே இல்லை. முன்னூற்றுப் பன்னிரண்டு இருமல்களும் ஒரு மாத்திரை செலவில்லாமல் ஒழிந்திருந்தன. மருத்துவ உலகம் இதுவரை கண்டிராத இந்தச் சாதனைக்காக மையத்துக்கு ஒரு கேடயம் கிடைத்தது. வேலங்கண்டிகைக்கு ‘இருமலற்ற மண்டலம்’ என்ற சான்றிதழ் கிடைத்தது. களப்பணியாளர் என்ற இடத்தில் ராஜமாணிக்கத்தின் கையெழுத்து. ஊர்க்காரர்கள் சான்றிதழைப் பார்க்க வந்தபோது இருமியபடியே வந்தார்கள். அதைக் குறிக்க ஆள் இல்லாததால் அது நடக்கவில்லை.

இருமலே இல்லாத ஊரில் காலியாகக் கிடக்கும் கட்டடத்தை வீணாக்குவார்களா? பக்கத்து ஆலை ஒன்று, சுகாதார நிலையம் இருந்த இடத்தை விரிவாக்கத்துக்குக் கேட்டு வாங்கிக்கொண்டது. அடுத்த மார்கழிக்குள் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பன்னிரண்டாவது புகைபோக்கி எழுந்து நின்றது. அந்த ஆலையின் முகவரியும் பாரிமுனைதான்.

மார்கழிப் பனியும் புகையும் சேர்ந்து இறங்கியபோது லட்சுமியம்மாளால் முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வரும், போக இடம் இல்லை. வெள்ளிக்கிழமை வரும், அதற்கும் போக இடம் இல்லை. முதலில் படி ஏறுவதை விட்டார். பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டார். தை பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், அரிசி களைந்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்து உட்கார்ந்தார். உதடு நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஷேர் ஆட்டோவில் போட்டுக் கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து ஆம்புலன்ஸில், பாரிமுனைக்குப் பக்கத்தில் இருக்கும் சென்னைப் பெரியாஸ்பத்திரி. ராஜமாணிக்கம் மனைவியின் கையை விடவே இல்லை. அவருக்கு லட்சுமியம்மாள்மேல் பிரியம் உண்டு. அதில் நமக்குச் சந்தேகம் வேண்டாம்.

பத்து நாள் வார்டில் இருந்தார்கள். அந்தப் பத்து நாளுக்குள் பரசுராமன் அடுத்த ஆராய்ச்சியை முடித்திருந்தார். சோதனை வெற்றி பெற்று வட்டாரத்தின் மற்ற நர்ஸ்களையும் எடுத்துவிட்டதில் கிராமங்களில் இருமல் கிடைக்காமல் போனதால் இந்தத் தடவை ஆஸ்பத்திரிகளின் உள்நோயாளிப் பட்டியலை வாங்கினார். நோயாளி எந்தக் கட்டிலில் படுத்திருக்கிறாரோ அங்கே புள்ளி. கம்ப்யூட்டர் ஒன்பதே நிமிடத்தில் சொல்லிவிட்டது: ‘ஆலை – இருமல். நெருக்க எண் 0.96. இடம், பாரிமுனை.’

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் உடனே ஒரு பலகை வைத்தார்கள்: ‘பயணிகள் கவனத்துக்கு. பாரிமுனை செல்வோர் மூக்கை மூடிக்கொள்ளவும்.’ காலையில் ரயிலுக்கு நிற்கும் தொழிலாளர்கள், சட்டைக் காலரில் இருந்த கரியைத் தட்டிவிட்டுக்கொண்டே அதைப் படித்தார்கள்.

வார்டில் லட்சுமியம்மாளைப் பார்த்துக்கொண்ட டாக்டர் ஆபிதா பழவேற்காட்டுக்காரர். வீட்டுக்கு அனுப்பும் அன்று ராஜமாணிக்கத்தைத் தனியாகக் கூப்பிட்டார். மருந்து மாத்திரையெல்லாம் இரண்டாம் பட்சம், இவர் இனி ஆலைப் புகை உள்ள இடத்தில் இருக்கவே கூடாது, இருந்தால் அடுத்த தடவை இவ்வளவு தூரம் கூட்டி வர அவகாசம் இருக்காது என்றார். ஆலை இல்லாத ஊரில் சொந்தக்காரர் யாராவது உண்டா என்று கேட்டார். உண்டு. லட்சுமியம்மாளின் தம்பி முனுசாமி கடம்பத்தூரில் பயிர் வைத்துக்கொண்டிருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் வயல். வயலைத் தாண்டினால் மறுபடியும் வயல். “இன்னைக்கே அங்க கூட்டிட்டுப் போயிடுங்க பெரியவரே” என்றார் டாக்டர்.

ராஜமாணிக்கம் கூட்டிப்போகத்தான் இருந்தார். ஆனால் இரண்டு நாள் லீவு நீட்டிக்க வேண்டும்; சொல்லாமல் கொள்ளாமல் அவர் இதுவரை எதுவும் செய்ததில்லை. மனைவியை வார்டிலேயே இருக்கச் சொல்லிவிட்டுத் திருவள்ளூருக்கு ரயில் ஏறினார். லீவு படிவத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அவர் கட்டத்தைக் காலியாக விடுகிறவரா? ‘எங்கள் ஊரில் ஆலைப் புகை இருப்பதால், டாக்டர் சொன்னபடி மனைவியைக் கடம்பத்தூரில் விட’ என்று எழுதினார். இருபத்தாறு வருடத்தில், ஏன், இப்போது இருபத்தேழரை வருடத்தில், அவர் ஒரு படிவத்தில் எழுதிய முதல் உண்மை அது.

பரசுராமன் படித்துவிட்டு அவரை உட்காரச் சொன்னார். இது கெட்ட அறிகுறி.

“உங்க ஊர்ல எங்கய்யா ஆலை?”

“கீது சார். எங்க ஊட்டு மாடியில நின்னா தெரியும். பன்னெண்டு. அந்த அட்ரஸெல்லாம் ஆபீஸு அட்ரஸு சார். ஆலைங்க எல்லாம் எங்க ஊர்லதான் கீது.”

“டாக்குமென்ட் இருக்கா?”

ராஜமாணிக்கம் யோசித்தார். மனைவியின் நுரையீரல் ஆவணம் ஆகுமா என்று தெரியவில்லை. பரசுராமன் அலமாரியைத் திறந்து ஒரு கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். நாற்பத்து மூன்று படிவங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பளபளப்பான கார்டு, ஒரு கையெழுத்து.

“என்கிட்ட இருக்கு. இது பொய்னா சொல்லுங்க, இப்பவே மெமோ டைப் பண்ணச் சொல்றேன். கேடயத்தைத் திருப்பிக் கொடுத்துடலாம், சர்டிபிகேட்டைக் கிழிச்சுடலாம். எல்லாத்துலயும் களப்பணி யாரு? நீங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு எத்தனை வருஷம் இருக்கு?”

டைப்பிஸ்ட் நந்தினி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். அறையின் மூலையில் முத்திரை குத்திக்கொண்டிருந்த சாராளும் பார்த்தார். அவர் காலடியில் ஆவி மெஷின் இருந்தது. ஒரு சொல் சொன்னால் போதும் என்று ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்தது. அந்தச் சொல் தொண்டை வரை வந்ததும் உண்மை.

“தப்பில்ல சார்” என்றார். “படிவம் சரியாத்தான் கீது.”

பரசுராமனுக்கு உடனே மனம் இளகிவிட்டது. அவர் கொடுமைக்காரர் அல்ல; உதவி செய்யக் காத்திருப்பவர். ஆலை இல்லாத, இருமல் இல்லாத இடம்தானே வேண்டும், அதை நம் கம்ப்யூட்டரே தேடித் தரும் என்று தானே பொத்தான்களைத் தட்டினார். நான்கு நிமிடத்தில் காகிதம் வந்தது. கணக்கெடுப்பு அதற்குள் மாவட்டம் முழுவதும் முடிந்திருந்தது. கடம்பத்தூர் நெடுந்தூரம் கீழே இருந்தது. அங்கே இன்னும் நர்ஸ் இருந்ததால் அறுபத்தொரு இருமல்கள் பதிவாகியிருந்தன. பட்டியலின் உச்சியில், மாவட்டத்திலேயே தூய்மையான இடம் என்று ஒரு ஊர். ஆலை பூஜ்யம். இருமல் பூஜ்யம்.

“பாருங்க, உங்க ஊரேதான். சர்டிபிகேட்ல கையெழுத்துப் போட்டவர் வீட்டம்மாவே ஊரை விட்டுப் போயிட்டா நாளைக்கு நாலு பேர் என்ன கேப்பான்? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. டாக்டர் சொன்ன இடம் அதுதான்.”

ராஜமாணிக்கம் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லீவு படிவத்தை அவரே கிழித்துக் கூடையில் போட்டார். அறையைச் சுத்தமாக வைத்துக்கொள்வதிலும் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

மறுநாள் காலை சென்னை சென்ட்ரலில் லட்சுமியம்மாளைக் கைத்தாங்கலாகப் பிளாட்பாரத்துக்கு அழைத்து வந்தார். பத்து நாளில் பாதியாக இளைத்திருந்தாலும் அவர் முகம் தெளிந்திருந்தது. தம்பி வீட்டுக்குப் போகிற சந்தோஷம். முனுசாமியின் பெண்ணுக்கு என்று ஆஸ்பத்திரி வாசலில் அரை டஜன் கண்ணாடி வளையல்கூட வாங்கி வைத்திருந்தார். ரயில் பெட்டியில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்த பிறகுதான் எதிரே நின்ற பெண்ணிடம் எங்கே போகிறாய் என்று பேச்சுக் கொடுத்தார். அவள் சொன்னதும் கணவர் பக்கம் திரும்பினார்.

“ஏங்க, இது கும்மிடிப்பூண்டி வண்டியாம். கடம்பத்தூருக்கு அரக்கோணம் வண்டியில்ல போவணும்?”

“தெரியும்” என்றார் ராஜமாணிக்கம்.

“டாக்டரம்மா ஆலையே இல்லாத ஊருக்குப் போவச் சொன்னாங்கோ.”

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துப் பிரித்து மனைவியிடம் காட்டினார். கம்ப்யூட்டர் பார்த்தது, ஆலையே இல்லாத ஊர் நம்முடையதுதான், தாளிலேயே போட்டிருக்கிறது என்று தாழ்ந்த குரலில் விளக்கினார். லட்சுமியம்மாள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஊரின் பெயரை ஒரு விரலால் தொட்டார். பக்கத்தில் இருந்த பூஜ்யங்களைத் தொட்டார். பொன்னேரி போயிற்று. கவரைப்பேட்டை தாண்டியதும் வலப்பக்கமும் இடப்பக்கமும் வானம் பழுப்பாக ஆரம்பித்தது. அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல விரல் விட்டு எண்ணினார். பதினொன்று வரை வந்தார். சாராள் இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கத்தில் புதிதாக ஒன்று நின்றது; அதையும் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டு. அதற்குள் இருமல் வந்துவிட்டது. காகிதத்தை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். மூச்சு திரும்பியதும் அதை மடியில் வைத்து நீவிவிட்டு, கோபம் இல்லாமல், தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக மட்டும் கேட்டார்.

“இங்க ஆலை இல்லன்னு யாருங்க கையெழுத்துப் போட்டது?”

ராஜமாணிக்கம் தன் சர்வீசில் வாங்கிய முதல் மெமோ அது. பதில் எழுத அதில் கட்டம் எதுவும் இல்லை.